எண்பட்டையின் பக்க அளவும் சுற்றளவும்: கழுகுமலை வெட்டுவான் கோவிலை முன்வைத்து ஒழுங்குப் பலகோணக் கணக்கு

ஆய்வுச் சுருக்கம்

ஒழுங்குப் பலகோணத்தின் பக்க அளவையும் சுற்றளவையும் காணும் கணக்கு, பள்ளிப் பாடத்தில் ஒரு சிறு வாய்பாடாக நின்றுவிடுகிறது. தமிழகக் கட்டடக் கலையிலோ அது கல்லில் செய்து காட்டப்பட்ட கணக்காகும். கரிசல் வட்டாரத்தின் கழுகுமலையில் உள்ள வெட்டுவான் கோவிலின் எண்பட்டைச் சிகரத்தைத் தொடக்கமாகக் கொண்டு, சதுரத்திலிருந்து எண்பட்டை பெறும் முறை, தமிழ்க் கர்ணக் கணக்கின் பயனும் எல்லையும், லீலாவதியின் பலகோணப் பட்டியல், எண்பட்டையிலிருந்து வட்டத்தை நெருங்கும் வழி ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. சுற்றளவு ஒன்றை மட்டும் அளந்து ஓர் உருவம் எம்முறையில் அமைக்கப்பட்டது என முடிவு கூற இயலாது என்பதும், அடுத்தடுத்த பக்கங்களின் வேறுபாடே அதற்குச் சான்றாகும் என்பதும் நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஒழுங்குப் பலகோணம், எண்பட்டை, சுற்றளவு, கர்ணம், வெட்டுவான் கோவில், கணக்கதிகாரம், லீலாவதி.

முன்னுரை

தமிழர் கணித மரபு குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் நூற்பாக்களை அடிப்படையாகக் கொண்டவை. கணக்கதிகாரம் முதலிய நூல்கள் தரும் விதிகளை எடுத்துக்காட்டி, அவற்றை இன்றைய வாய்பாடுகளோடு ஒப்பிட்டு, ஒப்புமையைப் பாராட்டுவதோடு பல கட்டுரைகள் நிறைவடைகின்றன. விதி எந்த அளவிற்குச் சரியானது, எவ்விடத்தில் பிழைபடும், கைவினைஞர் அதனைப் பயன்படுத்தியிருந்தால் அவர் செய்த பொருளில் என்ன அடையாளம் எஞ்சியிருக்கும் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. இவ்வினாக்களுக்கு விடை தேட எண்பட்டை ஏற்ற உருவமாகும். அது கோவில் தூணிலும் சிகரத்திலும் கண்முன் நிற்கிறது. அதன் கணக்கும் எளியது.

1. பட்டையும் கோணமும்

பல பக்கங்களால் அடைபட்ட உருவம் பலகோணம். எல்லாப் பக்கங்களும் சமமாகவும் எல்லாக் கோணங்களும் சமமாகவும் அமைந்தால் அது ஒழுங்குப் பலகோணம். இவ்விரு நிபந்தனைகளும் தனித்தனியே தேவை. சாய்சதுரத்தின் பக்கங்கள் சமமாயினும் கோணங்கள் சமமல்ல. செவ்வகத்தின் கோணங்கள் சமமாயினும் பக்கங்கள் சமமல்ல. எனவே இரண்டும் ஒழுங்குப் பலகோணங்கள் ஆகா.

கல்தச்சர் வழக்கில் இவ்வுருவம் பட்டை என்னும் சொல்லால் குறிக்கப்படுகிறது. எண்பட்டைத் தூண், பதினாறு பட்டைத் தூண் என்பன இன்றும் வழங்கும் சொற்கள். கோணம் என்னும் சொல் மூலையைக் குறிக்க, பட்டை என்னும் சொல் மூலைகளுக்கு இடைப்பட்ட தட்டையான முகத்தைக் குறிக்கிறது. கல்லைச் செதுக்குபவர்க்கு முகமே வேலை. மூலை அதன் விளைவு.

ஒழுங்குப் பலகோணத்தின் சுற்றளவு, ஒரு பக்கத்தின் அளவைப் பக்கங்களின் எண்ணிக்கையால் பெருக்கக் கிடைப்பது. சுற்றளவு தெரிந்தால் அதனை எண்ணிக்கையால் வகுக்கப் பக்கம் கிடைக்கும். இது எளிது. ஆனால் தச்சர் கையில் தொடக்கத்தில் இருப்பது பக்கமும் அன்று, சுற்றளவும் அன்று, கல்லின் அகலமே. அகலத்திலிருந்து பக்கத்தை அடைவதே உண்மையான கணக்கு.

2. கரிசல் நிலத்தில் ஓர் எண்பட்டை

தூத்துக்குடி மாவட்டத்தின் கரிசல் வட்டாரத்தில் கிழக்கே நாகலாபுரமும் விளாத்திகுளமும், நடுவே எட்டயபுரமும் கோவில்பட்டியும், மேற்கே கழுகுமலையும் அமைந்துள்ளன. வானம் பார்த்த கரிசல் சமவெளியில் தனித்தெழும் கழுகுமலைப் பாறையில் பொ.ஆ. 8ஆம் நூற்றாண்டைச் சார்ந்த பாண்டியர் காலப் படைப்பான வெட்டுவான் கோவில் உள்ளது. சமண தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் அதே மலையில் காணப்படுகின்றன.

வெட்டுவான் கோவில் ஒற்றைக் கல் தளி. பாறையைச் சூழ அகழ்ந்து, நடுவில் எஞ்சிய கல்லை மேலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கி அது உருவாக்கப்பட்டது. மேற்பகுதி சிற்ப நுட்பத்துடன் நிறைவுற்றிருக்க, அடிப்பகுதி முற்றுப்பெறாமல் நிற்பது இம்முறைக்குச் சான்று. அதன் சிகரம் எண்பட்டை வடிவுடையது. மாமல்லபுரத்துத் தருமராச ரதம், அருச்சுன ரதம் ஆகியவற்றின் சிகரங்களும் இவ்வடிவினவே.

கட்டுமானக் கோவிலில் அளவு தவறிய கல்லை நீக்கி வேறு கல் வைக்கலாம். ஒற்றைக் கல் தளியில் அது இயலாது. மேலும், மேலிருந்து கீழ் இறங்கும் வேலையில் தரையில் வரைந்த அடித்தள வரைபடத்தின் மீது கல்லை எழுப்பும் வாய்ப்பில்லை. சிகரத்தின் எண்பட்டையே முதலில் முடிவாக வேண்டும். ஆகவே, பக்க அளவைப் பற்றிய ஐயமின்மை இங்கு அழகியல் தேவை மட்டுமன்று. பணியைத் தொடங்குவதற்கே முன்நிபந்தனையாகும்.

சிற்ப நூல் மரபிலும் எண்பட்டைக்குத் தனியிடம் உண்டு. இலிங்கத்தின் அடிப்பகுதி சதுரமாகவும் இடைப்பகுதி எண்பட்டையாகவும் மேற்பகுதி வட்டமாகவும் அமைந்து, முறையே பிரம, விட்டுணு, உருத்திர பாகங்கள் எனப்படுகின்றன. மகேந்திரவர்மப் பல்லவன் காலக் குடைவரைத் தூண்களில் மேலும் கீழும் சதுரமும் இடையே எண்பட்டைக் கட்டும் அமைந்துள்ளன. இரண்டிலும் எண்பட்டை சதுரத்தை அடுத்தே வருகிறது. இவ்வரிசையே கணக்கின் வரிசையுமாகும்.

3. சதுரத்திலிருந்து எண்பட்டை

ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளையும் சம அளவில் வெட்டினால் எட்டுப் பக்கங்கள் கிடைக்கும். கோணங்கள் அனைத்தும் 135 பாகையாக அமையும். எவ்வளவு வெட்டினாலும் இது மாறாது. ஆனால் பக்கங்கள் சமமாவது ஒரே ஓர் அளவு வெட்டிற்கு மட்டுமே. குறைவாக வெட்டினால் நேர்ப்பக்கம் நீளும். மிகுதியாக வெட்டினால் சாய்பக்கம் நீளும்.

சரியான அளவைக் காண்பது எளிது. மூலையில் நீங்கும் துண்டு, இருபுறமும் சமமான செங்கோண முக்கோணம். அதன் கர்ணமே சாய்பக்கம். ஆகவே அது வெட்டின் 1.41421 மடங்கு, அதாவது √2 மடங்கு. சதுரத்தின் அகலத்தில் இரண்டு வெட்டுகளும் ஒரு பக்கமும் அடங்கும். எனவே அகலம் வெட்டின் 3.41421 மடங்காகும். இதிலிருந்து,

வெட்டு = அகலம் × 0.29289
பக்கம் = அகலம் × 0.41421
சுற்றளவு = அகலம் × 3.31371

எனக் கிடைக்கின்றன. எதிரெதிர்ப் பட்டைகளுக்கு இடையே 48 செ.மீ. அகலமுள்ள தூணில் ஒரு பக்கம் 19.88 செ.மீ., சுற்றளவு 159.06 செ.மீ. ஆகும்.

இவ்வெண்கள் எவையும் தெரியாமலே கயிற்றைக் கொண்டு இதனைப் பெறலாம். சதுரத்தின் இரு மூலைவிட்டங்களையும் இழுக்க நடுப்புள்ளி கிடைக்கும். ஒரு மூலையில் ஆணி அடித்து, நடுப்புள்ளி வரை கயிற்றை இழுத்து, அதே நீளத்தை அம்மூலையைத் தொடும் இரு பக்கங்களின் மீதும் குறிக்க வேண்டும். நான்கு மூலைகளிலும் இவ்வாறு செய்ய எட்டுக் குறிகள் கிடைக்கும். அவற்றை முறையே இணைத்தால் எண்பட்டை. கயிற்றின் நீளம் அகலத்தில் 0.70711 பங்கு, அது பக்கத்தில் விட்டுவைக்கும் மீதி 0.29289 பங்கு, அதுவே தேவையான வெட்டு. செருமானியக் கல்தச்சர் மத்தேயுஸ் ரோரிட்சர் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் அச்சிட்ட சிறுநூலிலும் எண்பட்டைக்கு இம்முறை காணப்படுகிறது.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. √2 என்பது முடிவுறா எண். எந்தப் பின்னத்தாலும் அதனை முழுமையாகக் கூற இயலாது. கயிற்றுமுறையோ கோட்பாட்டளவில் பிழையற்றது. எண்ணால் அண்ணளவாக மட்டுமே அடையக்கூடிய அளவைக் கயிறு நேராக அடைகிறது. எனவே, துல்லியமான எண்பட்டை ஒன்றைக் கண்டவுடன், அதனைச் செய்தவர் √2இன் மதிப்பை அறிந்திருந்தார் என முடிவு கட்டுதல் பொருந்தாது.

4. தமிழ்க் கர்ணக் கணக்கின் பயனும் எல்லையும்

எண்முறையில் எண்பட்டையைக் கணக்கிட முற்பட்டால் கர்ணத்தை அறிதல் வேண்டும். தமிழ் வழக்கில் பெரிதும் எடுத்தாளப்படும் விதி ஒன்று வருமாறு: செங்கோண முக்கோணத்தின் நீண்ட பக்கத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூற்றைத் தள்ளி, மீதியோடு குறுகிய பக்கத்தின் பாதியைக் கூட்டினால் கர்ணம். வர்க்கமோ வர்க்கமூலமோ இன்றி, அரைக்காலும் அரையும் கொண்டு முடியும் கணக்கு இது. போதையனார் என்பவர் பெயரால் இவ்விதி பரவலாகச் சுட்டப்படுகிறது.

இவ்விதி பித்தாகரசு தேற்றத்திற்கு நிகரானது என்றும், அதனினும் மேம்பட்டது என்றும் கூறப்படுவதுண்டு. இதனைச் சோதித்தல் எளிது. பக்கங்கள் 4, 3 எனில், நாலில் அரைக்கால் பங்கு நீங்க மூன்றரை. அதனோடு ஒன்றரை கூட்ட 5. சரியான விடை. பக்கங்கள் 12, 5 எனில், பத்தரையும் இரண்டரையும் கூட்ட 13. இதுவும் சரி. பக்கங்கள் 15, 8 எனில் 17.125 கிடைக்கிறது, சரியான விடை 17.

விதியையும் தேற்றத்தையும் சமப்படுத்திக் குறும்பக்கத்திற்கும் நெடும்பக்கத்திற்கும் உள்ள விகிதத்தைத் தேடினால் ஓர் இருபடிச் சமன்பாடு கிடைக்கிறது. விகிதத்தின் வர்க்கத்தை 48ஆல் பெருக்கி, விகிதத்தை 56ஆல் பெருக்கிக் கழித்து, 15 கூட்டினால் சுழியம் என்பது அச்சமன்பாடு. அதற்கு இரண்டே விடைகள்: 3/4, 5/12. ஆகவே, 3–4–5, 5–12–13 ஆகிய இரண்டு முக்கோணங்களுக்கும் அவற்றின் மடங்குகளுக்கும் மட்டுமே விதி முழுமையாகப் பொருந்தும். இவ்விரு விகிதங்களுக்கு இடையே விதி சற்று மிகுத்துக் கூறும். அம்மிகை எங்கும் நூற்றுக்கு ஒன்றை எட்டாது. அவற்றுக்கு வெளியே குறைத்துக் கூறும். குறும்பக்கம் மிகச் சிறிதாகும்போது குறை நூற்றுக்குப் பன்னிரண்டரையை நெருங்கும்.

எனவே இவ்விதி தேற்றமன்று; குறிப்பிட்ட எல்லைக்குள் நன்கு பயன்படும் கைக்கணக்கு. அவ்வாறு கூறுவது அதன் பெருமையைக் குறைப்பதாகாது. நன்கறிந்த இரண்டு முக்கோணங்களிலும் சரியாகப் பொருந்தி, இடைப்பட்டவற்றில் மிகச் சிறு பிழையோடு நிற்கும் நேர்கோட்டு விதி நுட்பமான தெரிவேயாகும். பெயரொப்புமை கருதி இதனைச் சுல்ப சூத்திரம் இயற்றிய பௌதாயனரோடு இணைத்தலும் ஏற்புடையதன்று. பௌதாயனரின் சுல்ப சூத்திரம் √2க்கு ஒன்றும், அதனோடு மூன்றிலொன்றும், பன்னிரண்டிலொன்றும் கூட்டி, நானூற்றெட்டிலொன்று கழித்த மதிப்பைத் தருகிறது. அது 1.414216, ஐந்து தசம இடம் வரை சரியானது. இரண்டும் வேறு வேறு கணக்குகள்.

எண்பட்டைக்கு வருமிடத்து விதியின் எல்லை வெளிப்படுகிறது. மூலை முக்கோணத்தின் இருபக்கமும் சமம், விகிதம் ஒன்று. அங்கு விதி தரும் கர்ணம் 11/8, அதாவது ஒன்றேகாலே அரைக்கால். இது √2ஐவிட நூற்றுக்கு 2.8 பங்கு குறைவு. முக்காணி எனப்படும் 3/80ஐ இதனோடு கூட்டினால் 1.4125 ஆகி, குறை நூற்றுக்கு 0.12ஆகச் சுருங்கும். தமிழ்ப் பின்ன வாய்பாட்டிற்குள்ளேயே தேவையான துல்லியத்தை எட்ட இயலும் என்பதற்கு இதனை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாமே அன்றி, நூல்வழக்கெனக் கொள்ளலாகாது.

5. லீலாவதியின் பலகோணப் பட்டியல்

எண்பட்டை மட்டுமன்றிப் பிற ஒழுங்குப் பலகோணங்களின் பக்க அளவையும் ஒருசேரத் தரும் இந்திய நூல் இரண்டாம் பாசுகரரின் லீலாவதி (பொ.ஆ. 1150). வட்டத்துள் அமையும் பலகோணங்களுக்கு, விட்டம் 1,20,000 எனக் கொண்டு அது பக்க அளவுகளைக் கூறுகிறது:

முக்கோணம் – 1,03,923
சதுரம் – 84,853
ஐங்கோணம் – 70,534
அறுகோணம் – 60,000
எழுகோணம் – 52,055
எண்கோணம் – 45,922
நவகோணம் – 41,031

வேறு விட்டத்திற்கு இவ்வெண்ணை அவ்விட்டத்தால் பெருக்கி 1,20,000ஆல் வகுக்க வேண்டும். இக்கால முறையில், 180 பாகையைப் பக்க எண்ணிக்கையால் வகுத்துக் கிடைக்கும் கோணத்தின் சைன் மதிப்பை விட்டத்தால் பெருக்குவதே இது. எண்பட்டையின் அகலம் இங்கு மூலைக்கு மூலை எடுக்கப்படுகிறது. முன்னர்க் கூறியது பட்டைக்குப் பட்டை எடுத்த அகலம். இரண்டையும் மயக்கினால் பக்க அளவில் நூற்றுக்கு ஏழரைப் பங்கிற்கு மேல் பிழை நேரும் என்பதால் அளவை நூல்களைப் படிப்போர் இதனை முதலில் தெளிதல் வேண்டும்.

பட்டியலைச் சரிபார்த்தால் ஐந்து எண்கள் இன்றைய மதிப்போடு முழுமையாக ஒத்துள்ளன. எழுகோணத்திற்கு 52,066 என்றும் நவகோணத்திற்கு 41,042 என்றும் இருத்தல் வேண்டும். இரண்டிலும் பதினொன்று குறைகிறது. பிழை இவ்விரண்டில் மட்டும் நேர்ந்தது தற்செயலன்று. மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, எட்டுப் பக்கங்களைக் கொண்ட உருவங்களின் பக்க அளவை வர்க்கமூலங்களால் கூற முடியும். ஆகவே கயிற்றாலும் வரைய முடியும். ஏழு, ஒன்பது பக்கங்களுக்கு அது இயலாது. எந்தப் பலகோணங்களை அளவுகோலும் கவராயமும் கொண்டு வரையலாம் என்னும் ஆய்வை, பதினேழு பக்க உருவத்தை வரையலாம் என 1796இல் காட்டிக் காஸ் தொடங்கினார். ஏனையவை இயலா என்பதை 1837இல் பியர் வாண்ட்செல் நிறுவினார். அவ்விரு உருவங்களுக்கும் அண்ணளவு முறையே வழி. பட்டியலின் விலகல் அக்கணித எல்லையின் மீதே விழுந்திருக்கிறது.

6. எண்பட்டையிலிருந்து வட்டத்திற்கு

தூணை உருட்டையாக்க விழையும் தச்சர், சதுரத்தின் மூலைகளை வெட்டி எண்பட்டையும், அதன் மூலைகளை வெட்டிப் பதினாறு பட்டையும் பெற்று, படிப்படியே வட்டத்தை நெருங்கலாம். அகலத்தை ஒன்று எனக் கொண்டால் சுற்றளவு சதுரத்தில் 4, எண்பட்டையில் 3.3137, பதினாறு பட்டையில் 3.1826; முப்பத்திரண்டு பட்டையில் 3.1517. மூலை நீங்க நீங்கச் சுற்றளவு குறைந்து வட்டத்தின் 3.1416ஐ அணுகுகிறது. கேரள மரபில் சேட்டதேவர் 16ஆம் நூற்றாண்டில் மலையாளத்தில் எழுதிய யுக்திபாசை, வட்டத்தைச் சூழ்ந்த சதுரத்தின் மூலைகளை இவ்வாறே நீக்கி எண்கோணம், பதினாறு கோணம் எனச் சென்று சுற்றளவைக் காணும் முறையை விளக்குகிறது. கைவினைஞரின் செயலும் கணிதரின் நிறுவலும் ஒரே பாதையில் செல்வதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

பரப்புக் கணக்கிலும் இவ்வுறவு புலப்படும். வட்டத்தின் அரைச்சுற்றையும் அரைவிட்டத்தையும் பெருக்கினால் பரப்பு என்பது கணக்கதிகாரம் தரும் விதி. வட்டத்தைத் தொட்டுச் சூழும் எந்த ஒழுங்குப் பலகோணத்திற்கும் இதே விதி பிழையின்றிப் பொருந்துகிறது: அரைச்சுற்றளவை, பட்டைக்குப் பட்டை எடுத்த அகலத்தின் பாதியால் பெருக்கப் பரப்பு கிடைக்கும். நடுப்புள்ளியிலிருந்து பலகோணத்தை முக்கோணங்களாகப் பகுத்தால் ஒவ்வொன்றின் உயரமும் அரை அகலமே என்பது காரணம். வட்ட விதிக்கான விளக்கத்தைப் பலகோணம் தன்னுள் கொண்டுள்ளது.

7. கள ஆய்வில் அளத்தல்

ஒரு தூணின் எண்பட்டை எம்முறையில் அமைக்கப்பட்டது என்பதை அளந்து அறிய இயலுமா? அகலம் 48 செ.மீ. எனக் கொண்டு நான்கு முறைகளைக் கணக்கிட்டு ஒப்பிடலாம்.

முதலாவது, அகலத்தை 24 கூறாக்கி 7, 10, 7 எனப் பிரித்தல். நேர்ப்பக்கம் 20.00 செ.மீ., சாய்பக்கம் 19.80 செ.மீ., சுற்றளவு 159.20 செ.மீ.

இரண்டாவது, தமிழ்க் கர்ண விதிப்படி 27 கூறாக்கி 8, 11, 8 எனப் பிரித்தல். நேர்ப்பக்கம் 19.56 செ.மீ., சாய்பக்கம் 20.11 செ.மீ., சுற்றளவு 158.68 செ.மீ.

மூன்றாவது, மூன்று சம கூறாக்கல். நேர்ப்பக்கம் 16.00 செ.மீ., சாய்பக்கம் 22.63 செ.மீ., சுற்றளவு 154.51 செ.மீ.

நான்காவது, மூலையில் கால் பங்கு வெட்டல். நேர்ப்பக்கம் 24.00 செ.மீ., சாய்பக்கம் 16.97 செ.மீ., சுற்றளவு 163.88 செ.மீ.

சரியான சுற்றளவு 159.06 செ.மீ. முதல் இரு முறைகளின் சுற்றளவு அதிலிருந்து 4 மி.மீ.க்கும் குறைவாகவே விலகுகிறது. பக்கங்கள் கண்ணுக்கே சமமற்றுத் தோன்றும் மூன்றாம், நான்காம் முறைகளிலும் சுற்றளவு நூற்றுக்கு மூன்று பங்கு அளவே மாறுகிறது. நேர்ப்பக்கம் குறையும்போது சாய்பக்கம் கூடி ஈடுசெய்வதே காரணம். எனவே சுற்றளவை எட்டால் வகுத்துப் ‘பக்க அளவு’ என அட்டவணையிடும் கள ஆய்வு, தான் தேடும் சான்றைத் தானே அழித்துவிடுகிறது.

செய்யத்தக்கது எட்டுப் பக்கங்களையும் தனித்தனியே அளந்து, நேர்ப்பக்கங்கள் நான்கின் சராசரியையும் சாய்பக்கங்கள் நான்கின் சராசரியையும் ஒப்பிடுதல். முதல் முறையில் வேறுபாடு 2 மி.மீ.; உளியின் போக்கும் கல்லின் தேய்மானமும் இதனை மறைத்துவிடும். ஆகவே இம்முறையையும் கயிற்றுமுறையையும் அளவால் பிரித்தறிய இயலாது. இரண்டாம் முறையில் வேறுபாடு ஐந்தரை மி.மீ.; மேலும் சாய்பக்கமே நீளும். ஒரே மண்டபத்தின் பல தூண்களில் சாய்பக்கம் ஒருசீராக இவ்வளவு நீண்டிருந்தால் மட்டுமே, தமிழ்க் கர்ண விதியோ அதையொத்த பின்னமோ பயன்பட்டது எனக் கருத இடமுண்டு. ஒரு தூணை மட்டும் அளந்து அவ்வாறு கூறுதல் தகாது.

முடிவுரை

எண்பட்டையின் பக்கம் அகலத்தில் 0.41421 பங்கு, சுற்றளவு 3.31371 மடங்கு. இவ்வளவுகளைக் கயிறு பிழையின்றித் தருகிறது. எண் அண்ணளவாகத் தருகிறது. தமிழ்க் கர்ண விதி இரண்டு முக்கோணங்களில் முழுமையாகவும் அவற்றின் இடையே ஏறத்தாழவும் பொருந்தும் கைக்கணக்கு. சம பக்க மூலைக்கு அது போதாது. லீலாவதியின் பட்டியல், வரையத்தக்க உருவங்களில் முழுத் துல்லியத்தையும், வரைய இயலாத இரண்டில் சிறு விலகலையும் காட்டுகிறது.

வெட்டுவான் கோவிலின் சிகரம் அதனைச் செய்தோரின் திறனுக்குச் சான்று. அவர் எந்த விதியைக் கையாண்டார் என்பதற்குச் சான்றன்று. அதனை அறிய அளவுகள் தேவை. நாகலாபுரம், விளாத்திகுளம், கோவில்பட்டி வட்டாரக் கல்லூரிகளின் தமிழ்த்துறையும் கணிதத்துறையும் இணைந்து, எண்பட்டைத் தூண் உள்ள ஊர்க்கோவில்களில் உரிய இசைவுடன் பக்கங்களைத் தனித்தனியே அளந்து தொகுத்தால், நூற்பாவையும் கல்லையும் எதிரெதிர் வைத்து ஆராய முதற்சான்றுகள் கிடைக்கும். அதற்கு வேண்டுவன ஓர் அளவுநாடாவும், எட்டு எண்களையும் எட்டாகவே பதியும் பொறுமையும் மட்டுமே.